ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் சினிமா

மலையாளப் படங்களை ஏன் பிடிக்கும் என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘யதார்த்தம்’. சரி, யதார்த்தமான படங்கள் வங்காளத்தில் உண்டு, மராத்தியில் உண்டு, நம்மிடமும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது வராத ஓர் உணர்வு, நல்ல மலையாளப் படம் ஒன்று தொடங்கிப் பத்து நிமிடத்தில் எனக்கு வந்துவிடுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற விடை: ஊர். அந்தப் படங்களின் நாயகனுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அவன் அப்பா யார், வீட்டின் மேல் எவ்வளவு கடன், தங்கச்சிக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்குத் தெரியும். அவன் தெருவில் இறங்கினால் யாராவது ஒருவர் “எங்கே கிளம்பிட்டே?” என்று கேட்பார். பதில் சொல்லாமல் அவனால் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் வளர்ந்தவன் நான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண். எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி ஓடும். வீட்டு ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டு விசேஷங்களைக் கேட்டுக்கொள்வது மாதிரிதான் நாங்கள் அந்தப் படங்களைப் பார்த்தோம். அத்தை வீட்டுச் சண்டையும் அதில் வரும், அத்தை வீட்டுப் பெருமையும் வரும்.

ஊர்க் கண்ணுக்கு இரண்டு குணம். விழுந்தவனைத் தூக்கிவிட ஓடி வருவதும் அதுதான், ஒருத்தியை இரவோடு இரவாக விரட்டுவதும் அதுதான். மலையாள சினிமாவின் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு குணங்களுக்கு நடுவே நடக்கும் வழக்காகவே நான் பார்க்கிறேன். அந்தக் கண்ணுக்கு முதல் பலி, அந்த மொழியின் முதல் கதாநாயகி.

ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். கையிலிருந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தார். வெளியான ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரண்டு கணக்கு சொல்வார்கள். புராணக் கதைகள் வரிசையாகப் படமாகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குடும்பக் கதையை எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடிக்க அவர் தேர்ந்தெடுத்தது பி.கே. ரோசியை. புலையர் சமூகத்துப் பெண். கூலி வேலை பார்த்தவர். காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடிப் பழகியவர்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது கூட்டம் திரையில் கதையைப் பார்க்கவில்லை, சாதியைப் பார்த்தது. நாயர் பெண்ணின் உடையில் ஒரு புலையப் பெண் நிற்பதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திரையின் மேல் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. தெற்கே வந்து, ஒரு லாரி ஓட்டுநரை மணந்து, தான் நடித்த கதையை வெளியே சொல்லாமலே வாழ்ந்து முடித்தார். டேனியல் சொத்தையெல்லாம் இழந்து பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதியிருக்காவிட்டால் அந்தப் பெயரும் போயிருக்கும். கேரள அரசு 1992இலிருந்து தன் உயரிய திரைப்பட விருதை டேனியலின் பெயரில் தருகிறது. ரோசியின் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் வருவதற்கு 2019 ஆகிவிட்டது. அதைத் தொடங்கியவர்களும் பெண்கள்தான். ‘விகதகுமாரன்’ படத்தின் ஒரு சுருள்கூட இன்று கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் தொடங்கிய கதை என்பதாலோ என்னவோ, இதை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. தங்களுடைய முதல் படத்தைப் பார்த்த ஊர் முதல் வேலையாகச் செய்தது, திரையில் யார் எந்தப் பெயரில் நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்துகொண்டே இருப்பது பிற்பாடு வந்த நல்ல படங்களின் வேலையாயிற்று.

பேசும்படம் வந்தது சேலத்திலிருந்து. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்த ‘பாலன்’, 1938. பிறகு ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா, திருவனந்தபுரத்தில் பி. சுப்பிரமணியத்தின் மெரிலாண்ட் என்று இரண்டு ஸ்டுடியோக்கள் எழுந்தன. இந்தக் கட்டத்தின் பெரும்பாலான படங்கள் தமிழ், இந்திப் படங்களின் சாயலில்தான் இருந்தன. அவற்றை விட்டுவிடலாம்.

1954இல் வந்த ‘நீலக்குயில்’ வேறு ரகம். கதை எழுத்தாளர் உரூபுடையது, இயக்கம் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும். ஒரு நாயர் வாத்தியார், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நீலியைக் காதலித்துக் கர்ப்பமாக்கிக் கைவிடுகிறார். ஊர் அவளை ஒதுக்கிவைக்கிறது, அவள் சாகிறாள். குழந்தையை எடுத்து வளர்ப்பவர் ஊரின் தபால்காரர். அவரும் நாயர்தான். இந்தத் தபால்காரர் பாத்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லா வீட்டு வாசலையும் தினமும் மிதிக்கிற மனிதர், எந்த வீட்டில் என்ன ரகசியம் என்று தெரிந்தவர், ஊரின் கண் தன் மேல் திரும்பும் என்று தெரிந்தே அந்தக் குழந்தையைத் தூக்குகிறார். அதில் நடித்தவர் பாட்டெழுதிய பி. பாஸ்கரனே. கே. ராகவன் இசையமைத்த அந்தப் பாட்டுகளில் நாட்டுப்புற மெட்டும் கேரள முஸ்லிம்களின் மாப்பிளைப் பாட்டின் சாயலும் இருந்தன. இந்தி மெட்டுகளுக்கு மலையாள வார்த்தை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய விஷயம்.

‘செம்மீன்’ 1965. தகழியின் நாவல், ராமு காரியாட்டின் இயக்கம், குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் தென்னிந்தியப் படம். மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த கடல், சலீல் சௌத்ரியின் இசை என்று எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல நினைப்பது கறுத்தம்மாவைக் கொன்றது யார் என்பதைப் பற்றி. கரையில் இருக்கும் மனைவி தவறினால் கடலில் இருக்கும் புருஷனைக் கடலம்மா கொண்டுபோய்விடுவாள் என்பது அந்தக் கடற்கரையின் நம்பிக்கை. ஆனால் படத்தைக் கவனமாகப் பார்த்தால் கடல் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே மற்ற மீனவர்கள் அவள் புருஷன் பழனியைத் தங்கள் தோணியில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள். பேச்சு அப்படிப் பரவிவிட்டது. அவன் தனியாகக் கடலுக்குப் போக வேண்டிய நிலையை உண்டாக்கியது கரையில் நின்று பேசிய வாய்கள். கடலம்மாவின் பெயரில் தண்டனையை நிறைவேற்றியது கரை.

ஊரை இப்படிப் பார்க்கும் சினிமா ஏன் கேரளத்தில் வந்தது? இயற்கை அழகு, எழுத்தறிவு என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்குக் குறிப்பாகச் சில விஷயங்கள் முக்கியமாகத் தோன்றுகின்றன. 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கி வைத்த நூலக இயக்கம் சின்னச் சின்ன ஊரிலும் ஒரு வாசகசாலையைக் கொண்டுவந்தது. அங்கே பத்திரிகையைச் சத்தமாகப் படித்து, அதன் மேல் சண்டை போடுவது மாலைப் பொழுதின் வேலையாக ஆயிற்று. 1952இல் கே.பி.ஏ.சி. நாடகக் குழு தோப்பில் பாசியின் ‘நிங்கள் என்னெ கம்யூனிஸ்டாக்கி’யை மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்க, உலகப் படங்கள் பள்ளிக்கூட மண்டபங்களுக்கு வந்தன. இவற்றோடு எழுத்தாளர்களும் சேர்ந்தார்கள். தகழி, உரூப், பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர் எல்லோரும் சினிமாவைத் தீட்டாக நினைக்காமல் உள்ளே வந்தார்கள். நாவலில் நூறு பக்கம் ஊரைப் பற்றி எழுதிப் பழகிய கை திரைக்கதை எழுதினால், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஒரு வாழ்க்கை வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு: நிலம். 1970 ஜனவரி 1இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து குத்தகை முறை முடிந்தது. சில வருடங்களில் கூட்டுக்குடும்பச் சொத்து முறையும் சட்டப்படி ஒழிந்தது. தலைமுறைகளாக நின்ற தறவாடுகள், அதாவது பழைய கூட்டுக்குடும்ப வீடுகள், ஆட்டம் கண்டன. எழுபதுகளின் பெரிய படங்கள் அந்த இடிபாட்டுக்குள் உட்கார்ந்து எடுக்கப்பட்டவை. எம்.டி. இயக்கிய ‘நிர்மால்யம்’ 1973இல் வந்தது. ஊர் கைவிட்ட கோவிலின் வெளிச்சப்பாடு, அதாவது சாமியாடி, அதில் பசியோடு குடும்பத்தை இழுத்துச் செல்கிறார். கடைசியில் வாளால் தன் தலையை வெட்டிக்கொண்டு, ரத்தத்தோடு தேவியின் முகத்தில் துப்புகிறார். ஓர் ஊர், தன் கோவிலுக்குள் எடுக்கப்பட்ட அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்த்தது, தேசிய விருது கிடைத்தபோது கொண்டாடியது. அந்தப் பெருந்தன்மை கேரளத்தில் இன்றும் அதே அளவில் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அடூரின் ‘எலிப்பத்தாயம்’ 1981. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உண்ணி ஒரு பழைய தறவாட்டின் ஆண்மகன். ஒரு கல்யாணத்துக்குப் போகக் கிளம்புகிறான். வெள்ளை வேட்டி, குடை எல்லாம் தயார். வழியில் ஒரு சேற்றுக்குட்டை. அதைத் தாண்ட மனம் வராமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. வசனமே வேண்டாம், ஒரு வர்க்கத்தின் கதை அந்தக் குட்டைக்கு முன்னால் முடிந்துவிட்டது. வீட்டில் எலிப்பொறியில் எலி மாட்டும்போதெல்லாம் கடைசித் தங்கை ஸ்ரீதேவி பொறியைக் கொண்டுபோய்க் குளத்தில் முக்குகிறாள். நடுத்தங்கை ராஜம்மா, சாரதா நடித்தது, அண்ணனுக்குச் சேவகம் செய்தே உடம்பு நொறுங்கிப்போகிறாள். எல்லோரும் போன பிறகு உண்ணி கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் பதுங்குகிறான். ஓர் இரவு ஊர்க்காரர்கள் கதவை உடைத்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் அதே குளத்தில் எறிகிறார்கள். இங்கே ஊரின் கை வேறு விதமாக நீள்கிறது. அது கொலையா, ஞானஸ்நானமா என்று அடூர் சொல்வதில்லை. குளத்திலிருந்து நடுங்கிக்கொண்டே எழும் அந்த மனிதனை நாம்தான் என்ன செய்வதென்று முடிவு செய்ய வேண்டும். லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அந்தப் படத்துக்கு சதர்லாண்ட் டிராஃபி தந்தது.

ஜான் ஆபிரகாமைத் தமிழர்களுக்கு ‘அக்ரகாரத்தில் கழுதை’ வழியாகத் தெரியும். அவர் நண்பர்களோடு சேர்ந்து ஒடேசா என்ற குழுவை அமைத்து, ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் சில்லறைக் காசு திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். கதையும் அதே போலத்தான் நடக்கிறது. தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் சாவை அவன் அம்மாவிடம் சொல்ல வயநாட்டிலிருந்து ஒருவன் கொச்சிக்குக் கிளம்புகிறான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் இறந்தவனைத் தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு துக்கத்தைச் சுமக்க ஓர் ஊரே தேவைப்படுகிறது. ஊர்க் காசில் எடுத்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை இருக்க முடியாது.

கலைப்படம், வணிகப்படம் என்ற சுவர் எண்பதுகளில் இறங்கிவிட்டது. பரதன், பத்மராஜன், கே.ஜி. ஜார்ஜ் மூவரும் அந்தச் சுவரை இடித்தவர்கள். பத்மராஜனைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அவருக்குத் தனியாக எழுத வேண்டும். ஜார்ஜின் ‘ஆதாமின்டெ வாரியெல்லு’ மட்டும் இங்கே தேவை. மூன்று பெண்கள், மூன்று வர்க்கம். பணக்கார வீட்டுப் பெண் தற்கொலை செய்துகொள்கிறாள், நடுத்தர வர்க்கத்துப் பெண் மனம் பிறழ்கிறாள். வீட்டு வேலைக்காரியான அம்மிணி, தன்னைப் போட்டு அடைத்த இல்லத்தின் கதவைத் திறந்துகொண்டு மற்றப் பெண்களோடு வெளியே ஓடிவருகிறாள். ஓடிவரும் பெண்கள் கேமராவையும் படக்குழுவையும், அங்கே நிற்கும் இயக்குநர் ஜார்ஜையும் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார்கள். பெண்களைப் பற்றிப் படம் எடுக்கும் ஆணும் ஒதுங்கத்தான் வேண்டும் என்று அந்த ஆணே படத்தில் காட்டியிருக்கிறார். இந்திய சினிமாவில் இவ்வளவு நேர்மையான முடிவுக்காட்சி எனக்குத் தெரிந்து குறைவு.

ஊரைச் சுற்றிய இந்தப் படங்களின் பின்னணி வேலைகள் பெரும்பாலும் சென்னையில்தான் நடந்தன. பாட்டுப்பதிவு, டப்பிங், லேப் எல்லாம் கோடம்பாக்கம். நட்சத்திரங்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் அங்கேயே குடியிருந்தார்கள். ஜெயன் என்ற பெரிய நடிகர் 1980இல் ஹெலிகாப்டர் சண்டைக்காட்சியில் இறந்ததும் சென்னையை அடுத்த சோழவரத்தில்தான். ஊரைவிட்டு வந்தவர்கள் ஊரை நினைத்து எடுத்ததால்தான் அந்த ஊர் அவ்வளவு துல்லியமாக வந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ‘நாடோடிக்காற்று’ (1987) இந்த நிலைமையையே கதையாக்கியது. வேலை கிடைக்காத தாசனும் விஜயனும் துபாய்க்குக் கள்ளத்தோணி ஏறுகிறார்கள். தோணிக்காரர் அவர்களைக் கரையில் இறக்கிவிடுகிறார். அரபி உடை போட்டுக்கொண்டு இருவரும் நடக்க, எதிரே பார்த்தால் எல்லாம் தமிழ் எழுத்து. இறங்கியது மெட்ராஸ். தியேட்டரே அதிரும் அந்தக் காட்சிக்குக் கீழே வளைகுடாக் கனவின் ஏமாற்றம் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்யன் அந்திக்காடும் ஸ்ரீனிவாசனும் அடுத்தடுத்து எடுத்த படங்களில் கட்சிச் சண்டை, தொழிற்சங்கம், வளைகுடாவிலிருந்து பணத்தோடு திரும்பியவனை ஊர் உரிப்பது என்று எதையும் விடவில்லை.

அந்தப் படங்களைத் தாங்கியவர்கள் துணை நடிகர்கள். சங்கராடி, ஒடுவில் உண்ணிகிருஷ்ணன், பிலோமினா, கே.பி.ஏ.சி. லலிதா, இன்னசென்ட், மாமுக்கோயா. மாமுக்கோயா கல்லாயியில் மரம் அளந்துகொண்டிருந்தவர். அந்தக் கோழிக்கோட்டுப் பேச்சைத் துளியும் மாற்றாமல் திரைக்குக் கொண்டுவந்தார். லலிதாவின் குரல் ஒன்று போதும். ‘மதிலுகள்’ படத்தில் அவர் முகமே வராது, சிறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும்தான். அந்தக் குரலைக் காதலிப்பவராக மம்மூட்டி, பஷீராகவே நடித்திருப்பார். இவர்களெல்லாம் நாயகனுக்கு ஜால்ரா போட வந்தவர்கள் இல்லை. இவர்கள்தான் ஊர். நாயகன் அவர்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஊரின் கண் ஒருவனை எப்படி மாற்றி எழுதும் என்பதற்கு ‘கிரீடம்’ (1989) போல இன்னொரு படம் கிடையாது. லோகிததாஸ் எழுதி சிபி மலையில் இயக்கியது. அப்பா அச்சுதன் நாயர் ஹெட் கான்ஸ்டபிள், நடித்தது திலகன். மகன் சேதுமாதவன் சப் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஒரே கனவு. புது ஊருக்கு மாற்றலாகி வந்த இடத்தில், கீரிக்காடன் ஜோஸ் என்ற ரவுடி சந்தையில் வைத்து அப்பாவை அடிக்கிறான். ஓடிவரும் மகன் ஜோஸை அடித்து வீழ்த்துகிறான். நம் பக்கத்து மாஸ் படத்தில் இது இடைவேளைக்கு முந்தைய காட்சி. விசில் பறக்கும், அதன் பிறகு நாயகன் வளர்ந்துகொண்டே போவான். இங்கே அந்த அடியோடு சேதுவின் வாழ்க்கை முடிகிறது. அதுவரை ஜோஸுக்குப் பயந்த சந்தை, இப்போது சேதுவுக்குப் பயப்படுகிறது. அவன் பெயரைச் சொல்லி உதார் விடுவதற்கு ஒருவன் வந்து ஒட்டிக்கொள்கிறான். பேசி வைத்த முறைப்பெண் கிடைக்காமல் போகிறாள். அவன் எதையும் கேட்கவில்லை. ஊர் தூக்கி வந்து தலையில் வைத்த கிரீடம் அது. கடைசியில் அதே சந்தையில் ஜோஸைக் கொன்றுவிட்டு, கையில் கத்தியோடு சேது நிற்கிறான். அப்பா கத்தியைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சுகிறார். மோகன்லால் அந்த இடத்தில் அழும் அழுகையில் இருபது வயதுப் பையன் ஒருவன் உடைந்துபோவது தெரியும். பிறகு அந்த அப்பாவே, தன் மகன் போலீஸ் வேலைக்குத் தகுதியற்றவன் என்று அறிக்கை கொடுக்கிறார். எங்கள் வீட்டில் இந்தப் படத்தை என் அப்பாவால் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் வழி தவறியது. ‘தேவாசுரம்’, ‘ஆறாம் தம்புரான்’, ‘நரசிம்மம்’ என்று வந்த வரிசையில், அடூர் குளத்தில் மூழ்கடித்த தறவாட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்தார்கள். ஊர் மறுபடி தம்புரான் என்ற பெரிய வீட்டு எஜமானின் குடிமக்களாக, கைகட்டி நிற்கும் கூட்டமாக மாறியது. கேள்வி கேட்ட டீக்கடைக்காரர்கள் இப்போது கைதட்டினார்கள். படங்கள் நன்றாகவே எடுக்கப்பட்டவை; மோகன்லாலின் நடிப்பில் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வருத்தம்.

இந்த இடத்தில் தமிழனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர்க் கண் அயலாரைப் பார்க்கும் விதம் தனி. பல காலம் மலையாளப் படங்களில் தமிழன் என்றால் அடியாள், இல்லையென்றால் ‘பாண்டி’ என்று கேலி செய்யப்படும் பரட்டைத்தலை. பாசிலின் ‘மணிச்சித்ரதாழ்’ (1993) மாபெரும் படம், ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் பூட்டிய அறைக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. கோபம் வந்தால் தமிழ் பேசுவாள். அதே கதை 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். ஒவ்வொரு ஊரும் தன் பேயைப் பக்கத்து மொழியிலிருந்துதான் வரவழைக்கிறது. அந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தது என்று நான் கருதுவது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் தூங்கி எழுந்த ஒரு மலையாளி நடுவழியில் இறங்கி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்துபோகிறார். சுந்தரம் என்பவராகவே மாறி, அந்த வீட்டில் உட்கார்ந்து தமிழில் அதிகாரம் செய்கிறார். அந்தக் கிராமத்தின் டிவியிலும் ரேடியோவிலும் பழைய தமிழ்ப் படங்களின் குரல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. மதிய வெயிலில் திண்ணையில் படுத்திருக்கும் நம் ஊரை இவ்வளவு அன்போடு படமாக்கியது ஒரு மலையாளி என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

2011க்குப் பிறகு புது ஆட்கள் வந்தார்கள். அவர்கள் முதலில் செய்த காரியம் தம்புரானை இறக்கிவிட்டு ஊரை மீட்டது. ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ (2016) இடுக்கியின் பிரகாஷ் என்ற சின்ன ஊர். போட்டோ ஸ்டுடியோக்காரன் மகேஷ் கடைவீதியில் எல்லோர் முன்னாலும் அடிவாங்குகிறான். திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்று சபதம். அடித்தவனோ துபாய்க்குப் போய்விடுகிறான். ‘கிரீடம்’ எங்கே தொடங்கியதோ அதே இடம்தான். ஊர் பார்க்க ஓர் அடி. ஆனால் இயக்குநர் திலீஷ் போத்தனும் எழுத்தாளர் ஸ்யாம் புஷ்கரனும் அதை வேறு பக்கம் கொண்டுபோகிறார்கள். செருப்பில்லாமல் நடக்கும் அந்த நாட்களில் மகேஷ் நன்றாகப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்கிறான். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படத்தில் ஊர் ஒதுக்கித் தள்ளிய நாலு சகோதரர்கள், ஊரே தேவையில்லாத நாய்களையும் பூனைகளையும் கொண்டுவந்து விடுகிற ஒரு கரையில் குடியிருக்கிறார்கள். மறுபுறம், சட்டை மடிப்புக் கலையாத, மீசையைச் சீராக வெட்டிய ஷம்மி. ஊரின் மரியாதையெல்லாம் சேர்ந்து உருவெடுத்தது போன்ற அந்த மனிதன்தான் வில்லன். ‘கம்மட்டிப்பாடம்’ (2016) கொச்சி நகரம் யாருடைய வயலின் மேல் கட்டப்பட்டது என்று கேட்டது. ‘ன்னா தான் கேஸ் கொடு’ (2022) காசர்கோட்டுப் பேச்சில், சாலையில் இருந்த ஒரு குழிக்காக மந்திரியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அதில் மாஜிஸ்ட்ரேட்டாக வந்து மனதில் நின்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

2021 ஜனவரியில் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ ஊரின் கண் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடத்துக்குள் போனது. பெரிய தளங்கள் வாங்கத் தயங்கியதால் சின்ன ஓடிடி ஒன்றில் வெளியான படம். சிங்க் அடியில் ஒரு குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அந்தப் பெண் புருஷனிடம் சொல்கிறாள். அவன் மறந்துவிடுகிறான். மறுபடி சொல்கிறாள். ஒழுகும் அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டுகிறாள். சட்னி அம்மியில் அரைக்க வேண்டும், சோறு விறகடுப்பில் வேக வேண்டும் என்று மாமனார் குரலை உயர்த்தாமல், புன்னகையோடு சொல்கிறார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. படம் வந்த வாரத்தில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் இதை வைத்துச் சண்டை நடந்தது. ஒரு வீட்டில் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டார்கள். இயக்குநர் ஜியோ பேபி அந்தக் குழாயை மறுபடி மறுபடி காட்டியது சிலருக்கு அலுப்பாக இருந்ததாம். தினமும் அதைத் துடைக்கிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைத்தான் அவர் காட்டினார்.

ஊரின் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்த இந்த சினிமா, தன் சொந்த வீட்டு வாசலை நெடுநாள் சாத்தியே வைத்திருந்தது. 2017 பிப்ரவரியில் ஒரு முன்னணி நடிகை கொச்சியில் ஓடும் காருக்குள் தாக்கப்பட்டார். அதன் பிறகு நடிகைகளும் பெண் தொழில்நுட்பக் கலைஞர்களும் சேர்ந்து விமன் இன் சினிமா கலெக்டிவ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ரோசியின் பெயரில் சங்கம் அமைத்தவர்கள் இவர்கள்தான். முதலமைச்சரைச் சந்தித்து அவர்கள் கேட்டதன் பேரில் சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் கமிட்டி அமைந்தது. பழம்பெரும் நடிகை சாரதாவும் அதில் ஓர் உறுப்பினர். 2019 டிசம்பரில் அறிக்கை அரசிடம் போனது. நாலரை வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்து, பல பக்கங்கள் மறைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. வாய்ப்புக்காகப் பெண்களிடம் கேட்கப்பட்டவை, படப்பிடிப்பில் கழிப்பறைகூட இல்லாமல் துணை நடிகைகள் தண்ணீர் குடிக்காமல் நாளைக் கடத்தியது, பேசினால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லாம் அதில் இருந்தன. அடுத்த பத்து நாட்களுக்குள் நடிகர் சங்கமான ‘அம்மா’வின் நிர்வாகக் குழு கூண்டோடு பதவி விலகியது.

அந்த அறிக்கையின் பக்கங்களைப் படித்தபோது, எனக்குப் பிடித்த பல படங்களை மறுபடி பார்ப்பது சிரமமாகிவிட்டது. அந்தச் சந்தைக் காட்சியில் பின்னால் கூடையோடு நின்ற பெண் அன்று எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாள், எங்கே உடை மாற்றினாள் என்று மனம் கேட்கத் தொடங்கிவிட்டது. ஊர் என்று நான் இவ்வளவு நேரம் புகழ்ந்ததில் அவளும் சேர்த்தி. கமிட்டி வேண்டும் என்று கேட்டுப் போன பெண்களில் சிலர் அதற்குப் பிறகு தங்களுக்கு வந்துகொண்டிருந்த வாய்ப்புகள் குறைந்துபோனதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தேதான் போனார்கள். வேலையைப் பணயம் வைத்து அவர்கள் கேட்டு வாங்கிய அறிக்கை அது.